விண்வெளி நேர்முகத்துக்காக நின்ற பஸ்

இன்று காலை மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பஸ்ஸில், எனக்குப் பக்கத்தில் இருந்த இளம்பெண் திடீரென எழுந்து சாரதியிடம் போனாள்.

"அண்ணை, இனிக் காடு வருது, சிக்னல் இராது. வெளிநாட்டு விண்வெளி ஆய்வு நிலையத்தில பயிற்சிக்கு இன்ரவியூ. நேரத்தை மாத்தி இப்பவே எடுக்கினம். நான் இஞ்ச இறங்கிறன்."

"இந்த வெயிலுக்கையோ? இருங்கோ தங்கச்சி."

சாரதி பஸ்ஸை ஓரங்கட்டினார். பாட்டையும் நிறுத்தினார்.

பொறியியலில் மேற்படிப்புப் படிக்கிறாளாம். இருபது நிமிடம் தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசினாள். வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படங்களை வைத்து மண்ணின் ஈரத்தை அளப்பது பற்றி என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. நடுவில் எங்கள் ஊர்ப்பக்கத்து "முத்தையன்கட்டுக் குளம்" என்றாள். பஸ் முழுவதும் நிமிர்ந்து இருந்தது.

முடிந்ததும் பின்சீற்றில் இருந்த அக்கா கேட்டார்: "என்னவாம் பிள்ளை, எடுப்பினமோ?"

"அடுத்த கிழமைதான் சொல்லுவினமாம், அக்கா."

"எடுக்காட்டி நம்பரைத் தாங்கோ, நாங்கள் கதைக்கிறம்," என்றார் கொண்டக்டர்.

எடுப்பார்கள். அவள் பேசியதைக் கேட்ட எங்கள் ஒருவருக்கும் அதில் சந்தேகமில்லை.

ஆனால் போன கிழமை நான் கைகாட்டிக்கொண்டு பின்னால் ஓட, அரை நிமிடம்கூட நிற்காமல் போனதும் இதே பஸ், இதே சாரதிதான்.

விண்வெளிக்கு விண்ணப்பிப்பது எப்படியென்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கோ.