முதல் வரியில் பிள்ளையார்

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விருத்தாசலத்தில் கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். சூளையின் சூடு எங்கள் லினக்ஸ் சர்வரில்தான் பதிவாகும். காலையில் சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டர், மேனேஜருடைய லாகின் கணக்கில் தானாகவே உள்ளே நுழைந்து அந்த ஃபைலை எடுத்துக்கொள்ளும். அது போய்ச் சேராவிட்டால் சரக்கு நகராது.

ஆயுத பூஜை லீவு முடிந்து எங்கள் ஊர் பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து வந்தால், ஃபைல் வரவில்லை என்று சென்னையிலிருந்து போன். மறுநாளும் அதே பாட்டு. நான் என் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் துழாவினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"நீ எதையோ நோண்டிட்ட" என்றார் மேனேஜர். "பொம்பளப் புள்ளய மெஷின்ல வுட்டா இப்பிடித்தான். சென்னையிலேருந்து ஆள் வராரு. அவருகிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு நீ கெளம்பும்மா."

ஆபீசே கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் எதையும் தொடல சார்."

"அப்ப எனக்கு மட்டும் எப்பிடி நல்லா வருது?" தன் கணக்கில் நுழைந்து காட்டினார். "பாரு, சாமி பேரு கூட வருது."

திரையில் முதல் வரியாக, ஆங்கில எழுத்தில், 'ஸ்ரீ விநாயகர் துணை' என்று வந்து நின்றது.

"இது யாரு போட்டது சார்?"

"நான்தான். பூஜ அன்னிக்கி கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர வெச்சிப் போட்டேன். எதுலயும் பிள்ளையாரு மொதல்ல வரணுமில்ல?"

ஒவ்வொரு கணக்குக்கும், உள்ளே நுழைந்ததும் சர்வர் தானாகப் படித்துச் செய்கிற இரண்டு ஸ்டார்ட்டப் ஃபைல்கள் உண்டு. ஒன்று, ஆள் லாகின் செய்து உட்காரும்போது மட்டும் படிக்கப்படும். மற்றது, வேறொரு கம்ப்யூட்டர் வந்து ஃபைல் கேட்டாலும் படிக்கப்படும். இவர்கள் பிள்ளையாரை அந்த இரண்டாவதில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். சூளை ஃபைலைக் கேட்டு வந்த சென்னைக் கம்ப்யூட்டருக்கு முதலில் சாமி பெயர் கிடைத்தது. அது குழம்பிப்போய்த் தொடர்பை அறுத்துக்கொண்டது.

வரியை வெட்டினேன். "சாமிய எடுக்காத" என்று பதறினார்.

"எடுக்கல சார். ஆளுங்களுக்கு மட்டும் தெரியிற எடத்துக்கு மாத்துறேன்."

மாற்றினேன். சென்னையில் மறுபடி எடுக்கச் சொன்னோம். ஃபைல் போய்விட்டது. மேனேஜர் போனில் குழைந்தார். "சின்னக் கோளாறுதாங்க. பிள்ளையாரு புண்ணியத்துல சரியாயிடுச்சு."

கெட்டதற்கு நான், சரியானதற்குப் பிள்ளையாரா? ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன். யார், எந்த ஃபைலில், என்ன போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஆபீசும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"சரிம்மா, ஆள் வர வேணாம்னு சொல்லிடுறேன். நீங்களே பாத்துக்குங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு மேனேஜர் முன்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "டீ வந்துடுச்சான்னு பாரும்மா" என்றார்.