ஊற்றுக்கு மேலே

மகள் செங்கமாரி கண்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "நம்ம பீலித் தண்ணி கொண்டாங்கப்பா" என்றாள். இன்று காலை, மேட்டு ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில் போத்தலைப் பிடித்தேன். மழைக்குப் பிறகு வந்த தண்ணீரில் மலக்குழி நாற்றம்.

சின்ன வயதில் இதே தண்ணீர் பாசியும் ஈரமண்ணுமாக மணக்கும். ஊற்று இருக்கும் மேட்டில் தோட்டத்து லய அறைகளில் இருந்த ஆட்கள் செருப்போடுகூட ஏற மாட்டார்கள். ஒருநாள் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை அங்கே ஒதுங்கப் போனார். கீழே பீலியடியில் பெண்களோடு துணி துவைத்துக்கொண்டிருந்த என் அம்மா கத்தினாள்.

"ஐயா, ஒங்க வீட்டுத் தேத்தண்ணியும் இதுலதாங்க! கீழ எறங்குங்க!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அதே மேட்டில்தான் பிறகு புது வீட்டுத்திட்டம் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், வீட்டுக்கொரு மலக்குழி. அளக்க வந்த அதிகாரியிடம் சொன்னோம்.

"கீழ ஊத்து இருக்குங்க. வீட்டக் கொறச்சுத் தள்ளித் தள்ளிக் கட்டுங்க."

"தோட்டம் குடுத்த எடம் இவ்வளவுதான். வீடு வேணுமா, ஊத்து வேணுமா?"

பரம்பரையாக ஒற்றை அறை லயத்தில் வெந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? வீடு என்றோம்.

போத்தலை வடிகானில் கவிழ்த்துவிட்டு மேட்டைப் பார்த்தேன். அம்மாவைப் போலக் கத்த வாயெடுத்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? மேலே இருப்பதெல்லாம் எங்கள் வீடுகள். முதல் வரிசையில் என் வீடு.