சீட் உயரம்

எங்கள் தெருமுனையில் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பதினோரு ஆண்கள் கூடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சை பனியன், தொடையைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை, தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மதுரை வில்லாபுரத்தில் அந்நேரம் சூரியன் வந்திருக்காது, கண்ணாடி வந்துவிடும். அதில் ஒருவர் என் கணவர். மிச்சப் பத்துப் பேரைப் பற்றியும் நான் வாய் திறக்கிறேன் என்றால் அந்த உரிமையில்தான்.

குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். பல்லைத் தவிர உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார், அதிலும் சைக்கிள் சீட்டின் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சீட் இறங்கியிருந்தால் முட்டி போய்விடுமாம், ஏறியிருந்தால் இடுப்பு போய்விடுமாம். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம் என்பார். டேப் வைத்து ஒவ்வொருவர் காலையும் அளந்து, அவரவர் சீட்டைத் தாங்கும் கம்பியில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடு எப்போதும் வெளியே தெரிய வேண்டும். புறப்படும் முன் பதினோரு கோடுகளையும் குனிந்து பார்ப்பார்.

பார்த்து முடித்ததும் சமயநல்லூர் வரை போவார்கள். அங்கே ஒரு கடையில் பொங்கல், வடை, அதன் மேல் பருத்திப்பால். எம்புட்டு கலோரி எரிந்தது என்று ஆளாளுக்குப் போனைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். எம்புட்டு வடை உள்ளே போனது என்று சொல்லும் ஆப் இன்னும் வரவில்லை.

சில வாரம் கீழக்குயில்குடிக்குப் போவார்கள். அது நான் பிறந்த ஊர். சமணர் மலையடியில் தாமரைக்குளத்தைப் பின்னால் வைத்து, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மிதிப்பதற்கு வாங்கிய சாமானை எதற்குத் தூக்குகிறார்கள் என்று என் கணவரிடம் கேட்டேன். உனக்கு அதெல்லாம் புரியாது என்றார். அவருக்கு டைல்ஸ் கடை. புரியாத விஷயங்கள் எல்லாம் எனக்குத்தான் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் முடிவு.

அதே மலையடி ரோட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் நான் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கவர்மென்ட் கொடுத்த சைக்கிள். அது ஒன்றும் இனிமையான நினைவு இல்லை. ஒரு பெடல் கழன்றுகொண்டே இருக்கும், ஆடி மாதக் காற்று புழுதியை வாயில் அள்ளிப் போடும், பின்னால் கேரியரில் ஒருத்தி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டு வருவாள். ஆனால் எதிர்காற்றில் எப்படி மிதிப்பது என்று என் காலுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன தை மாதம் இந்தக் கூட்டம் ராமேஸ்வரம் தீவைச் சைக்கிளில் சுற்றுவது என்று கிளம்பியது. வேனின் நெற்றியில் ‘மதுரை முதல் தனுஷ்கோடி வரை சைக்கிள் பயணம்’ என்று பேனர். மதுரையிலிருந்து மண்டபம் வரை சைக்கிள்கள் பயணம் செய்தது உண்மைதான், வேனின் கூரை மேல் கட்டப்பட்டு. வீரர்கள் உள்ளே ஏசியில் தூங்கினார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வர ஒரு ஆள் தேவைப்பட்டதால் நானும் போனேன்.

மண்டபத்தில் சைக்கிள்களை இறக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பாம்பன் பாலத்தில் ஏறினார்கள். நாலு மிதி, ஒரு போட்டோ. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள்.

மறுநாள் போட்டி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போய்த் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவே நேர் ரோடு, ஓயாத காற்று. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். சைக்கிளில் மாட்டிய போனில் உள்ள ஆப், தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் தானே கண்டுகொண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். காலையில் பத்துப் பேர் ஓட்டிவிட்டார்கள். என் கணவர் முந்தின ராத்திரி தின்ற மீன் வறுவலோடு லாட்ஜ் பாத்ரூமில் போராடிக்கொண்டிருந்தார்.

மதியம் மற்றவர்கள் கோயிலில் தீர்த்தமாடப் போனார்கள். இவர் மட்டும் வேனில் சத்திரத்துக்கு வந்தார், கூட நானும் டிரைவரும். ஷூவை மாட்டி, போனை மாட்டி, கண்ணாடியை மாட்டிக் கிளம்பினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். காற்று சரியில்லையாம். மாட்டிய போனைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை வேனில் சாய்த்துவிட்டுப் பின் சீட்டில் படுத்தார். உடனே குறட்டை.

நான் கொஞ்ச நேரம் அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சீட்டுக்குக் கீழே இருந்த பிடியைத் தளர்த்தி, என் காலுக்குத் தக்கபடி இறக்கினேன். வெள்ளைக் கோடு குழாய்க்குள் போய் மறைந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அந்தப் பெடலுக்குத் தனி ஷூ வேண்டும். என் ரப்பர் செருப்பு வழுக்கி வழுக்கி உள்ளங்கால் வலித்தது. காற்று மணலோடு பக்கவாட்டில் வந்து தள்ளியது. நான் குனிந்துகொண்டேன், காலை நிறுத்தவில்லை. அரிச்சல்முனைத் தூணைச் சுற்றித் திரும்பியபோது, மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அம்புட்டு சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷத்தில் நான் முழுக்க எனக்காகச் செய்தது அது ஒன்றுதான். திரும்பி வந்தபோது குறட்டை நிற்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மதுரை வந்த மறுநாள் பல் டாக்டரிடமிருந்து போன். பதினோரு பேரில் என் கணவர்தான் முதல், அதுவும் பக்கத்தில் யாரும் வர முடியாத நேரம். இவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு போனில், மூச்சுப் பயிற்சிதான் காரணம் டாக்டர் என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஓட்டியது நான் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“போனு என்னோடது, சைக்கிள் என்னோடது. யாரு மிதிச்சா என்ன? நீ பாட்டுக்கு வெளிய சொல்லி வைக்காத.”

மூன்றாம் நாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வந்தது. ‘தீவை வென்ற எங்கள் சிங்கமே’ என்று எழுதி, கறுப்புக் கண்ணாடியோடு இவர் முகம், பின்னால் அலை. கூடவே, யாரும் கேட்காமலே, ஒரு நிஜச் சிங்கம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில்தான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. இவர் எதை எடுத்துக்கொண்டாலும் விட்டுக்கொடுத்துப் பழகியவள்தான் நான். அந்தச் சவாரியை மட்டும் விட மனசு வரவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சிங்கத்தைக் கேலி செய்கிற நான் அந்த வாரம் முழுக்க எலியாகத்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாராட்டு விழா. தீவிலிருந்து வந்த சைக்கிள்களை விழாவுக்காக டாக்டர் தன் வீட்டு ஷெட்டிலேயே வைத்திருந்தார், யாரும் தொடவில்லை. என்னைப் பட்டுச்சேலை கட்டச் சொன்னார் இவர். நான் சுடிதாரில் போனேன். ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது எனக்கே பதில் தெரிந்திருக்காது.

சின்ன ஹால். வந்தவர்கள் எல்லோருக்கும் பொன்னாடை, போர்த்தியவருக்கும் திருப்பி ஒரு பொன்னாடை. மேடை நடுவில் ஸ்டாண்டில் நிறுத்தி மாலை போட்டு இவருடைய சைக்கிள். தனுஷ்கோடிக் காற்றை எப்படி வென்றேன் என்று இவர் மைக்கில் பேசினார். படுத்துக்கொண்டு வென்றதைத் தவிர எல்லாம் சொன்னார். பேசி முடித்ததும் போட்டோவுக்காகச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொன்னார்கள்.

ஏறினார். முட்டி இரண்டும் வயிற்றில் வந்து முட்டின. குழந்தை சைக்கிளில் அப்பன்காரன் உட்கார்ந்தது போல இருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து, சீட்டுக் கம்பியில் தான் போட்ட வெள்ளைக் கோட்டைத் தேடினார். கோடு இல்லை. கணவரின் காலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் நிமிர்ந்து கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனால் ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டதே.

“வேன்ல வாரப்ப எறங்கியிருக்கும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஏற்றுவதற்குச் சீட்டுக்குக் கீழே கையைக் கொண்டுபோனார்.

நான் எழுந்துவிட்டேன். “அத ஏத்தாதீங்க டாக்டர். அந்த உயரத்துலதான் நான் அரிச்சல்முனைக்குப் போயிட்டு வந்தேன்.”

ஹால் முழுக்கக் கேட்டது. என் கணவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். மூச்சுப் பயிற்சி அந்நேரம் கைகொடுக்கவில்லை. மேடைப் படியேறினேன். அவர் மெதுவாக இறங்கி, பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மாலையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, வலது பெடலை அடிவரை மிதித்தேன்.

டாக்டர் நான் கேட்காமலே குனிந்து என் முட்டியைப் பார்த்தார். பத்து வருஷப் பழக்கம், அவரால் அதை நிறுத்த முடியவில்லை.

“சரியா இருக்கு,” என்றார்.