ஆவடிப் பக்கம் மைனஸ்

எனக்கு எட்டு வயதாகும்வரை அக்காவின் சாயங்காலங்கள் என்னுடையவை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குத் தலை பின்னிவிடுவாள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டிப் போய் ரயில் காட்டுவாள். அவள் பிளஸ் ஒன்னில் சேர்ந்து, காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயிலானதும் இதெல்லாம் நின்றுபோனது. எங்களுக்கு நடுவில் கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டாள்.

கீழ்வீட்டு அக்கா, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மகள்; அக்காவின் வகுப்புத் தோழி. நன்றாகப் படிப்பவள், நல்ல நிறம், வாசனையான பவுடர். அவளை வெறுக்க எனக்கு வேறு காரணங்கள் தேவைப்படவில்லை. இருவரும் தினமும் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் போனால், "பாப்பா, கொஞ்ச நேரம் கீழ போய் விளையாடு" என்பாள் அக்கா. அதற்கு முன் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

அப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "அரையாண்டுலயும் ஊத்திக்கினா படிப்பு வேணாம். துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனில சேத்துடறேன்." அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். எனக்கோ அது நல்ல செய்தியாகப் பட்டது. ஃபெயிலானால் புத்தகம் இல்லை, புத்தகம் இல்லையென்றால் கீழ்வீட்டு அக்கா இல்லை. அன்றிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில் சாமி படத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு, அக்கா ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பக்தியைப் பார்த்து அம்மா பூரித்துப்போனாள்.

ஒரு சாயங்காலம் அவர்களே என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அக்கா அழுதிருந்தாள். "செங்கோண முக்கோணத்துக்குள்ள தொண்ணூறுக்கு மேல எப்டிடீ வரும்? இதுல சைன் நூத்தி இருபதுன்னு கீது" என்று புத்தகத்தைத் தட்டினாள்.

"முக்கோணத்த உட்டுடு" என்றாள் கீழ்வீட்டு அக்கா. தரையில் சாக்பீஸால் பெரிய கூட்டல் குறி போட்டு, அதன் நடுவில் அக்காவை நிறுத்தினாள். துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை அவளிடமும் மறுமுனையை என்னிடமும் கொடுத்தாள்.

"கயிறோட நீளம் ஒண்ணுன்னு வச்சிக்கோ. அம்பத்தூர் பக்கம் பிளஸ், ஆவடிப் பக்கம் மைனஸ். ரயில் பக்கம் பிளஸ், தண்ணித்தொட்டிப் பக்கம் மைனஸ்."

எனக்கு ரோஷம் வந்தது. என் அத்தை ஆவடியில்தான் இருந்தாள்.

என்னை அம்பத்தூர்ப் பக்கக் கோட்டில் நிறுத்தி, ரயில் பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார்கள். ரயில் பக்கத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனதும், "அங்கியே நில்லு" என்றாள் கீழ்வீட்டு அக்கா. "தோ, கயிறு திரும்புனது நூத்தி இருபது. ரயில் பக்கமா பாப்பா எவ்ளோ தள்ளி நிக்கிறாளோ அது சைன். ஆவடிப் பக்கமா எவ்ளோவோ அது காஸ்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ சைன் பிளஸ், காஸ் மைனஸ்!" என்று கத்தினாள். இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். கயிற்றைப் பிடித்து நின்ற என் கையை யாரும் தட்டவில்லை.

அடுத்த முறை, கெடுக்கவேண்டும் என்றே எதிர்ப்பக்கமாக நடந்து தொட்டிப் பக்கம் போய் நின்றேன். கீழ்வீட்டு அக்கா துள்ளிக் குதித்தாள். "சூப்பர் பாப்பா! இது மைனஸ் தொண்ணூறு. ரயில் பக்கமா சுத்தி வந்திருந்தா?"

"இருநூத்தி எழுபது" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒரே எடம்டீ!"

எனக்கு அழுகை முட்டியது. மறுபடி அம்பத்தூர்க் கோட்டில் நிற்கவைத்ததுதான் தாமதம், ரயில் பக்கமாகச் சுற்றி நிறுத்தாமல் ஓட ஆரம்பித்தேன். அக்கா கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னோடு சேர்ந்து சுற்றினாள். தலை கிறுகிறுத்து விழுந்தேன்.

"ரெண்டு சுத்து, அப்பறம் ஒரு முப்பது இருக்கும். எழுநூத்தி ஐம்பது" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "ஆனா சைன் முப்பதுக்கு இன்னாவோ அதேதான். கரெக்டா?"

என் முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. அக்கா முதலில் கோணத்தைப் பார்த்தாள். பிறகுதான் முழங்காலை.

அரையாண்டில் அவள் பாஸானாள். விடைத்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். அப்பா அதை வாங்கி இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இனிப்பு வாங்கிவரக் கடைக்குக் கிளம்பினார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

கீழ்வீட்டு அக்கா ஓடிவந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "பாருடீ, உன்னவிட உன் தங்கச்சிக்குத்தான் சந்தோஷம் தாங்கல." அக்கா என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். பழிவாங்க வேறு வழி தெரியாமல் கீழ்வீட்டு அக்காவின் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினேன். அதே துப்பட்டாவின் மறுமுனையால் அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் எங்கள் தெருவழியாகத்தான் போகும். எதிர்வீட்டு அக்கா காலையில் இருட்டோடு அதில் ஏறிப்போவாள். அவள் திரும்பும்போது அவளுடைய தங்கை தூங்கிப்போயிருப்பாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வேண்டுதல் பலித்திருந்தால் அந்த வேனில் என் அக்காவும் ஒரு சீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் அப்போது தோன்றவே இல்லை.