ஆமாவா, இல்லையா?

பேச்சாளர் முடிப்பதற்குள்ளேயே எகான் கையைத் தூக்கிவிடுவார். மைக் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் கிடையாது. ஆயுசு முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல். டென்மார்க்கில், ஜட்லாந்தின் அந்தச் சின்ன ஊர் நூலகத்துக்கு அது தாராளம்.

உப்பு, புகை, பன்றி இறைச்சி என்று மாதம் ஒரு மருத்துவரோ ஆய்வாளரோ வந்து பேசுவார். எகான் முன்வரிசையில் காப்பியோடும் இரண்டு துண்டு கேக்கோடும் உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "சுத்தி வளைக்காதீங்க. ஆமாவா, இல்லையா?" கூட்டம் சிரிக்கும். மறுநாள் ரொட்டிக்கடையில் யாராவது முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். மனைவி இறந்த பிறகு அவர் மேல் படுகிற கைகள் அவை மட்டும்தான்.

மார்ச்சில் அக்னீத் என்ற ஆய்வாளர் வந்தார். வயல் உரத்திலிருந்து குடிநீரில் இறங்கும் நைட்ரேட்டைப் பற்றிய பேச்சு.

"பல வருஷம் குடிச்சா குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது. உறுதியாத் தெரியல. இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"ஆமாவா, இல்லையா?"

"அப்படி ஒரே வார்த்தையில..."

"அப்ப ஆமா! கேட்டுக்குங்கப்பா, நம்ம குழாய்ல புத்துநோய் வருது!"

அக்னீத் சொன்னது எகானுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் அப்படியொரு கைதட்டல் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அந்த இரைச்சலில் பின்வரிசையிலிருந்து சிட்சல் என்ற இளம்பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள். "இந்தத் தண்ணியிலதான் என் பிள்ளைக்குப் பால் கலக்குறேன்!"

"கைக்குழந்தைகளை மனசுல வச்சுத்தான் தண்ணியில நைட்ரேட் இவ்வளவுதான் இருக்கலாம்னு வரம்பே வச்சிருக்காங்க. உங்க ஊர்த் தண்ணி அதுக்கு ரொம்பக் கீழதாங்க" என்றார் அக்னீத். முன்வரிசைக்குக் கேட்டது. பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. சிட்சல் அழுதபடி வெளியேறினாள். எகான் யாரோ நீட்டிய கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கடை வாசலில் அவள் புட்டித் தண்ணீரைக் கட்டுக்கட்டாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை கதறியது. எகான் கிட்டே போனார்.

"அவங்க பதில் சொன்னாங்கம்மா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் கேக்கல."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ராத்திரி பூரா இவன் மூச்சு விடுறானான்னு பாத்துக்கிட்டே கிடந்தேன். அவ்ளோ பெரிய தொண்டை, அப்ப எங்க போச்சு எகான்?"

அவர் வாய் திறப்பதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்தார். "நேத்து வெளுத்து வாங்கிட்டீங்க!" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். சிட்சல் பார்த்துக்கொண்டே நின்றாள். எகானுக்கு உடம்பெல்லாம் கூசியது. ரொட்டி வாங்காமலே வீடு திரும்பினார்.

ஏப்ரல் கூட்டம் தூக்கமின்மை பற்றியது. அழைத்திருந்த மருத்துவர் தொண்டையைச் செருமும்போதே எகான் எழுந்தார். கூட்டம் சிரிக்கத் தயாரானது. "ஆமாவா, இல்லையா... அதானே?" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார். எகான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, மெல்லக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "போன மாசம் அந்த ஆய்வாளர் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நான்தான் மாத்திக் கத்தினேன்" என்றார்.