சரோஜம் டீச்சரின் சிப்பிக்கல்

மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதற்கு முன் சரோஜம் டீச்சர் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். ஒரு மூச்சு நேரம்தான், அதற்குள் ஜெபம் முடிந்துவிடும். கரமனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியல் நடத்தும் அவரை, பக்கத்து மேசை ஃபிசிக்ஸ் வாத்தியார் பினு லேசில் விடுவதில்லை. "டீச்சரே, அமீபாவுக்கும் பிரார்த்தனையோ?"

"அமீபாவுக்கு எதுக்கு சாரே? எனக்காக்கும். உள்ளது உள்ளபடி கண்ணுல படணும்லா."

பினு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். டீச்சர் அசருகிற ஆள் இல்லை.

அவர் கைப்பையில் குடை, வேதப்புத்தகம், கைக்குட்டையில் பொதிந்த ஒரு கல், மூன்றும் எப்போதும் இருக்கும். கல் கொல்லத்துக் காயல் கரையில் எடுத்தது. அதில் ஒரு சிப்பி வரிவரியாகப் படிந்து கிடக்கிறது. இரண்டு கோடி வயது என்பார், சொந்தத் தம்பியின் வயதைச் சொல்வதுபோல. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சும்மா இருந்தால் போதும், கல் அவள் மடிக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சிறுபிள்ளைகள் வகுப்பும் அவருடையதுதான். கல் அங்கேயும் கைமாறும். ஆறே நாளில்தானே கர்த்தர் எல்லாவற்றையும் படைத்தார் என்று ஒரு வாண்டு கேட்டது. "நம்ம ஸ்கூல் பெல்லு கேட்டாக்கும் கர்த்தர் வேலை பாத்தாருன்னு நெனச்சியா மக்களே? அவருக்க நாளு அவருக்குத்தான் தெரியும்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு பிள்ளைகளின் வீடுவரை போய்ச் சேர்ந்ததுதான் வினை.

சபைச் செயலாளர் தங்கையன், சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், ஆலய வாசலிலேயே டீச்சரை வழிமறித்தார். "உலகத்துக்கு ஆறாயிரம் வருஷம், அவ்வளவுதான். இனி அந்தக் கல்லு சபைக்குள்ள வந்துதுன்னா வகுப்பு வேற ஆளுக்கு. ஓர்மை இருக்கட்டு."

அந்தப் பிள்ளைகள் என்றால் டீச்சருக்கு உயிர். ஆனாலும் குரல் இறங்கவில்லை. "அண்ணாச்சி, கல்லையும் அவருதான் உண்டாக்கினாரு. அவரு செய்ததை ஒளிச்சு வச்சு, கள்ளம் சொல்லியா நான் அவருக்கு மகிமை சேக்கணும்? எனக்குப் பயம் உண்டு. உங்கள இல்ல, அவர."

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதைக் கர்த்தருக்குக் கொடுக்கும் நாள். மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் வாழைக்குலை, தேங்காய், காலைக் கட்டிய கோழி என்று வரிசை ஆலயத்துக்குள் நகர்ந்தது. பீடத்தின் முன்னால் நின்று ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தவர் தங்கையன். கர்த்தருக்கென்று கொண்டுவந்ததை மறுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. முன்வரிசையில் டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சரின் முறை வந்தது. கைக்குட்டையை அவிழ்த்தார். தங்கையனின் கை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் கோழி கத்தியது, வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

சரோஜம் டீச்சர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு கல்லை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். நீட்டிய கையை மடக்கவில்லை.