வாயப்பயம்

பிரிஸ்கில்லாவைச் சாலவாக்கம் பக்கம் இன்றைக்கும் சில பேர் பிஸ்கோத்து மிஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவள் மிஸ்ஸாக இருந்தது ஒரே ஒரு வருஷம். அதற்கப்புறம் இத்தனை வருஷமாகக் கம்பெனி வேன் ஏறிப் போய்க் கையுறை தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் கையுறையை வைத்து யாரும் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு நம் சொந்தப் பெயர் மறந்தாலும் மறந்துபோகும், பட்டப்பெயர் மட்டும் மறக்காது.

தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம், உத்திரமேரூர் போகிற ரோட்டில் ராஜாராமின் ரைஸ் மில்லை ஒட்டி ஒரு நர்சரி ஸ்கூல் திறந்தது. ராஜாராமுக்கு நெல் தெரியும், பள்ளிக்கூடம் தெரியாது. ஆனால் அந்தச் சமயத்தில் கையில் கொஞ்சம் பசை இருந்தவர்கள் எல்லாருக்கும் இங்கிலீஷ் மீடியம் ஆசை வந்திருந்தது. மில்லின் பழைய குடோனுக்கு ரோஸ் கலர் அடித்து, சுவரில் ஒரு யானையும் ஒரு முயலும் வரையச் சொல்லி, தன் அறைக் கதவில் கரஸ்பாண்டெண்ட் என்று எழுதிக்கொண்டார். யானையின் காது முயலின் காதைவிடச் சின்னதாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

எல்.கே.ஜி.க்கு மிஸ்ஸாக வந்தவள்தான் பிரிஸ்கில்லா. சாலவாக்கத்தை அடுத்த காலனிப் பெண். பிளஸ் டூ முடித்து, காஞ்சிபுரத்தில் நர்சரி டீச்சர் டிரெயினிங் படித்தவள். அப்பா செல்வமும் அம்மா செல்லாயியும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அவர்கள் தெருவில் சேற்றில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள். முதல் நாள் அவள் புடவையைக் கொசுவிக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறியபோது செல்லாயி பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் பொண்ணு மிஸ்ஸாயிட்டாமே, இனிமே என்னாண்ட இங்கிலீஷ்லதான் பேசப்போறா பாரு," என்று சொல்லிச் சிரித்தாளாம்.

பிரிஸ்கில்லா என்ற பெயர் எந்தக் குழந்தையின் வாயிலும் நுழையவில்லை. பிஸ்கில்லா ஆகி, பிஸ்கோத்தா ஆகி, அந்த வாரமே பிஸ்கோத்து மிஸ் என்று நிலைத்துவிட்டது. ஒன்றிரண்டு அவள் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு ஏமாந்து அழுதன. டிரெயினிங்கில் காகிதத்தில் கிளி செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தன் அம்மா என்று ஆரம்பித்ததும் வகுப்பு மொத்தமும் சேர்ந்து அழுதால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. ஒன்றுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் இன்னொன்று உட்கார்ந்த இடத்திலேயே காரியத்தை முடித்திருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாள். ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். அவள் வாயில் ழ வராது. வாயில் வராதது மட்டுமில்லை, காதிலும் விழாது. மழை அவளுக்கு மயை, கிழவன் கெயவன், பழம் பயம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம். சேர்ந்த புதிதில் யு.கே.ஜி. எடுத்த தாயாரம்மாள் மிஸ், ஐயங்கார்குளத்துக்காரம்மா, ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பயம் இல்லம்மா, பழம். நாக்க மடிச்சு மேல தொடணும்," என்று நல்ல மனசோடுதான் சொன்னார். பிரிஸ்கில்லா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நாக்கை மடித்து மடித்துப் பார்த்தாள். வந்ததா வரவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் வேறு வழி கண்டுபிடித்தாள். வகுப்பில் ஃப்ரூட், ரெயின், ஓல்ட் மேன் என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிடுவாள். இங்கிலீஷில் ழ கிடையாது. இங்கிலீஷ் மீடியத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

செங்கேணி மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்படியே ஓட்டியிருப்பாள்.

செங்கேணியின் அப்பா முனியன் ராஜாராமின் மில்லில் நெல் அவிக்கிறவன். இருளர் குடும்பம், மில்லுக்குப் பின்னாலேயே குடிசை. ஸ்கூலுக்கு அனுமதி கொடுக்க ஆபீசர் வருகிற அன்றைக்கு வகுப்பில் தலை குறைந்தது. ராஜாராம் நெல் காயப்போடுகிற களத்தில் விளையாடிக்கொண்டிருந்த செங்கேணியைத் தூக்கி, ஒரு சட்டையை மாட்டி, கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். ஆபீசர் போனபிறகு அவளை எழுப்பிவிட அவருக்கு ஞாபகமில்லை. மறுநாள் அவளே வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தவள் வாயைத் திறக்கவே இல்லை. ஏ ஃபார் ஆப்பிள் என்றால் பார்ப்பாள். ஸ்டாண்ட் அப் என்றாலும் பார்ப்பாள். மற்ற குழந்தைகளின் அம்மாக்கள், அந்தப் பெண்ணுக்கு வாய் பேச வராதோ என்று கேட்டுவிட்டு, தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜை லீவு வந்தது, தீபாவளி வந்தது, அவளிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

கார்த்திகை மாதம், வெளியே மழை. பிரிஸ்கில்லா சாப்பாட்டு டப்பாவோடு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். செங்கேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசியும் களைப்பும் சேர்ந்து பிரிஸ்கில்லாவுக்குத் தான் மிஸ் என்பதே மறந்துபோய்விட்டது.

"இன்னாமே பாத்துகினு கீற? வாயப்பயம் வோணுமா?"

செங்கேணியின் முகம் திறந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பயம்," என்றாள். பிறகு, "எங்கூட்ல இல்ல," என்றாள்.

பிரிஸ்கில்லா பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் அந்தப் பேச்சு ஓடியது. மயை வருது மிஸ். எலி கீது மிஸ். நைனா நெல்லு தொயாவுது மிஸ். அப்பா நெல்லைத் துழாவுவதைத்தான் அப்படிச் சொல்வாள். வீட்டில் பேசுகிற மாதிரி மிஸ் பேசியதும் குழந்தை பேசியது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எந்த டிரெயினிங்கும் வேண்டாம். ஆனால் பக்கத்தில் யார் வந்தாலும் செங்கேணி வாயை மூடிக்கொள்வாள்.

தை மாதம் ராஜாராம் கணக்குப் பார்த்தார். அடுத்த வருஷம் யு.கே.ஜி.யில் ஃபீஸ் கட்டாத செங்கேணிக்கு இடமில்லை என்றார். பிரிஸ்கில்லா அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், அவ நல்லாப் படிப்பா சார். இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா."

"எங்க பேசறா? நா ஒரு நாளும் கேக்கலியே. ஆண்டு விழாவுல நாலு பேருக்கு முன்னாடி வாயத் தொறந்து பேசட்டும், வெச்சிக்கலாம். உன் வேலய நெரந்தரம் பண்றதும் அன்னிக்குத்தாம்மா தெரியும். உன் கிளாசு பசங்க எப்பிடிப் பண்ணுதுன்னு பாக்கணும்ல?"

ஆக, இரண்டு பேர் கதையும் ஒரே மேடைக்கு வந்துவிட்டது. மாறுவேடத்தில் எல்.கே.ஜி. குழந்தைகள் பழங்களாக வரவேண்டும். பிரிஸ்கில்லா மஞ்சள் சார்ட் பேப்பர் வாங்கி, செங்கேணிக்கு வாழைப்பழம் வெட்டினாள். ஐ ஆம் எ பனானா என்ற ஒரே வரி. அதைச் சாப்பாட்டு நேரத்தில், குழாயடியில், ஸ்கூல் விட்டபிறகு களத்தில், எங்கே நேரம் கிடைத்தாலும் சொல்ல வைத்தாள். பனானா என்றால் என்ன என்று குழந்தை கேட்டபோது, அவளுக்குப் புரியும்படி சொன்னாள். வாயப்பயம்டி கண்ணு, அன்னிக்குத் தின்னியே, அது.

ஆண்டு விழாவுக்கு அந்த நெல் களத்திலேயே ஷாமியானா போட்டார்கள். ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் தலைமை. அம்மாக்கள் பட்டுப்புடவையில் முன்வரிசையில் இருந்தார்கள். முனியனும் அவன் வீட்டுக்காரியும் நெல் அவிக்கிற கொப்பரைப் பக்கம் இருட்டில் நின்றார்கள். செல்லாயிகூட வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆப்பிளாக வந்தவன் அழுதான், திராட்சையாக வந்தவள் மைக்கைக் கண்டதும் ஓடினாள். அப்புறம் செங்கேணி வந்தாள்.

மைக்குக்கு நேராக நின்று, "ஐ ஆம் எ பனானா," என்றாள், கணீரென்று.

கைதட்டல் எழுந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற பிரிஸ்கில்லாவும் சேர்ந்து தட்டினாள். ராஜாராம்கூடத் தலையை ஆட்டினார். அத்தோடு இறக்கிவிட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் தலைவருக்குக் குஷி வந்துவிட்டது. மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "பலே! பனானான்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"பயம்," என்றாள் செங்கேணி.

"என்னது? பயமா? யாரக் கண்டு பயம்?"

"நா வாயப்பயம்."

கூட்டம் சிரித்தது. தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முன்வரிசை பட்டுப்புடவைகள் குலுங்கின. சிரித்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் வாயப்பயம் தின்கிறவர்கள்தான். வரும்போது கடையில் நின்று வாயப்பயம் ஒரு சீப்பு குடு என்று கேட்டு வாங்கியவர்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் செங்கேணிக்கு அந்த விஷயமெல்லாம் தெரியாது. கைதட்டின அதே ஜனம் சிரிக்கிறது, அப்படியென்றால் நன்றாகச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அத்தனை பேர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, "பயம்! வாயப்பயம்!" என்றாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் தலைவர்.

"பிஸ்கோத்து மிஸ்."

இதற்கு வந்த சிரிப்பில் ஷாமியானாவே ஆடியது. அப்போதுதான் செங்கேணி ராஜாராமின் முகத்தைப் பார்த்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. சார்ட் பேப்பரைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றாள். பிரிஸ்கில்லா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

விழா முடிந்ததும் ராஜாராம் அவளைக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் மீடியம்னு போர்டு மாட்டிக்கினு கீறேன். ஸ்கூலு மானமே பூட்ச்சி. உங்க காலனிப் பேச்சக் கத்துக்குடுக்கவா உன்ன வெச்சேன்?"

கீறேன் என்றும் பூட்ச்சி என்றும் அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

"சார், பேசட்டும்னு சொன்னீங்களே. பேசிட்டா சார்."

"அதும் பேரு பேச்சா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பேச்சுத்தான் சார், பத்து மாசமா அதுக்குத்தான் சார் உயிர விட்டேன் என்று சொல்ல நினைத்தாள். வாய் வரைக்கும் வந்தது. அதில் எங்கேயாவது ழ இருந்துவிடுமோ என்று யோசிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வாட்ச்மேன் வந்து சொன்னான். வெளியே செல்லாயி காத்திருந்தாள். மகள் புடவையில் ஒட்டியிருந்த மஞ்சள் பேப்பர்த் துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "பஸ்ஸு வந்துரும் வா," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து பிரிஸ்கில்லா மில்லுக்குப் போனாள். வேலை கேட்க இல்லை. அரசுப் பள்ளியிலாவது செங்கேணியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான். வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். முனியன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டான்.

"வாணாம் டீச்சரம்மா, நீ போயிடு. மொதலாளி பாத்தாருன்னா பேஜாராப் பூடும். எம் பொண்ண ஏம்மா அவுரு முன்னாடி வாயத் தொறக்க வெச்ச? அது பேசாம கீறவரிக்கும் எங்களுக்கு ஒரு வம்பும் இல்லம்மா."

 அவள் பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்ததைக் கேட்க அவன் நிற்கவில்லை, கொப்பரைப் பக்கம் போய்விட்டான்.

செங்கேணி களத்தில் அவித்துப் பரப்பிய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நாலு வயசுக் காலுக்கு அது நல்ல சூடு. பிரிஸ்கில்லா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து பழத்தை நீட்டினாள்.

"செங்கேணி, இது இன்னா? சொல்லு கண்ணு."

குழந்தை பழத்தைப் பார்த்தாள். பிறகு மில் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மறந்துட்டியா? மிஸ் சொல்லட்டா? வாயப்..."

மேலே சொல்ல முடியவில்லை. உமி ஒட்டிய அந்தச் சின்னக் கை வந்து மிஸ்ஸின் வாயை அழுத்திப் பொத்தியது. செங்கேணி இன்னொரு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. பழத்தையும் வாங்கவில்லை.